‘இடமில்லை’ என்றால் என்ன செய்வது?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி எழுதிய சமூக அறிவியல் கட்டுரை)

முன்னுரை

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்டது எங்கள் கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் மிளகுக் கொடிகளும் பலா மரங்களும் காப்பித் தோட்டங்களும் நம்மை வரவேற்கும். மலைமேல் 14 நாடுகள் உள்ளன. நாடு என்றதும் தேசம் என்று எண்ணிவிட வேண்டா. சிற்றூர்கள் பல சேர்ந்த தொகுதியையே நாங்கள் நாடு என்கிறோம். அரப்பளீசுவரர் கோயிலையும் ஆகாய கங்கை அருவியையும் காணப் பலர் வருகின்றனர். நான் எழுத வந்தது அவற்றின் அழகைப் பற்றி அன்று. பள்ளியில் இடம் கேட்டுப் போன ஒரு மலைச் சிறுமியைப் பற்றியும், அவளால் நான் கற்ற பாடத்தைப் பற்றியும் ஆகும்.

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுச் சிறுமி 8ஆம் வகுப்பு முடித்திருந்தாள். வயது 14. பிறந்தது முதல் அவளுக்குக் கேட்கும் திறன் குறைவு. இரு காதுகளிலும் செவிக்கருவி அணிந்திருப்பாள். ஆயினும் திடீரென்று பேரொலி எழுந்தால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கணக்கில் கெட்டிக்காரி. அவளுடைய தாயார் மாற்றுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, பேருந்தில் போய்வரக்கூடிய ஓர் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றார். “இங்கே ஒரு வகுப்பில் அறுபது பேர். இவளால் தாங்க முடியாது. காது கேளாதோர் பள்ளியில் சேருங்கள்” என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

அன்று மாலை அத்தை எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். “ஏங் கண்ணு, நீ கான்வென்ட்ல படிக்கிற புள்ளதானே? இடமில்லேன்னு சொல்லிப்புட்டாங்க. இதுக்கு மேல யாரைப் போய்க் கேக்குறது?” என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. அடிப்படை உரிமைகள் ஆறு என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெற்றவள் நான். ஆனால், அத்தை கேட்ட ஒரு கேள்விக்கு வாய் திறக்க முடியவில்லை. விடுதிக்குத் திரும்பியதும் சமூக அறிவியல் கற்பிக்கும் அருட்சகோதரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “இடமில்லை என்பதை எழுத்தில் கொடுத்தார்களா?”

அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

புலன்களைப் பற்றிச் சில செய்திகள்

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் எனப் புலனுறுப்புகள் ஐந்து என்று சிறு வகுப்பில் படித்தோம். இவையன்றி, உடல் சாயாமல் நிற்க உதவும் சமநிலை உணர்வு உட்காதில் உண்டு. கைகால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பாராமலே அறியும் உணர்வு தசைகளிலும் மூட்டுகளிலும் உண்டு. புலன் வழி வரும் செய்திகளை மூளை வாங்கி, வேண்டுவதை முன்னே வைத்து, வேண்டாததை ஒதுக்குகிறது. ஆசிரியை பேசும்போது மின்விசிறியின் ஒலி நமக்குக் கேட்பதில்லையே, அது மூளையின் வேலை.

சில பிள்ளைகளுக்குப் புலன் குறைவாக வேலை செய்யும். வேறு சிலருக்கு, சிறப்பாகப் புற உலகச் சிந்தனையற்றோர் என்று முன்னாளில் கூறப்பட்ட ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு, அது அளவு மீறி வேலை செய்வதுண்டு. குழல்விளக்கின் துடிப்பு, மதிய உணவுக் கூடத்தின் இரைச்சல், சட்டைக் கழுத்தின் முரட்டுத் தையல் ஆகியன நமக்கு ஒன்றுமில்லை, அவர்களுக்கோ பெருந்துன்பம். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு. உட்காதின் மயிர்ச் செல்கள் பழுதானால் மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் ஒலி சற்றே கூடியதும் அது தாங்க முடியாத பேரொலியாகத் தோன்றும். பக்கத்து வீட்டுச் சிறுமி காதைப் பொத்திக்கொண்டது பிடிவாதத்தினால் அன்று என்பது இதைப் படித்த பிறகே எனக்கு விளங்கியது.

புலனைப் பற்றி உலகுக்கே பாடம் சொன்ன ஒருவர் எங்கள் மலையில் பிறந்தவர் என்பதை இங்கே பெருமையுடன் குறிப்பிடுகிறேன். அவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் மருத்துவமும் இறைப்பணியும் செய்த ஜெசி பிராண்ட், எவலின் பிராண்ட் தம்பதியரின் மகனாக 1914இல் பிறந்தார். 9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் நம்பினர். வலியை உணரும் புலன் இறந்துபோவதால், அடுப்புச் சூட்டையும் முள்ளையும் அவர்கள் அறிவதில்லை. அறியாத காயங்களே விரல்களை அழிக்கின்றன என்று அவர் எடுத்துக்காட்டினார். காரணம் தெரிந்ததும் பாதுகாக்கும் வழியும் தெரிந்தது. குறையுள்ளவரை ஒதுக்காமல், குறை எங்கே என்று தேடினார். அதற்கேற்ற கையுறையும் காலணியும் பயிற்சியும் கொடுக்க முடிந்தது. பள்ளிக்கூடமும் இதைத்தானே செய்ய வேண்டும்?

சட்டம் கூறுவது யாது?

இப்பொருளில் இரண்டு சட்டங்களை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009. இது 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரை, அதாவது 8ஆம் வகுப்பு வரை, அருகமைப் பள்ளியில் கட்டணமின்றிப் படிக்கும் உரிமையை இது தருகிறது. சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு வைத்தலும் நன்கொடை வாங்குதலும் கூடாது என்கிறது. ஆனால் 9ஆம் வகுப்பின் வாசலில் இச்சட்டம் நின்றுவிடுகிறது. அத்தையின் மகள் நின்றதும் அதே வாசலில்தான்.

இரண்டாவது, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. இது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. இதற்கு முன்பிருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது. புதிய சட்டம் 21 வகைகளைக் கூறுகிறது. பார்வையின்மை, குறைபார்வை, செவித்திறன் குறைவு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தொழுநோயிலிருந்து குணமானோர் ஆகிய யாவரும் இதில் அடங்குவர். இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபெல் வரை கேட்கும் திறனை இழந்தவர் செவித்திறன் குறைந்தோர் எனவும், 70 டெசிபெல் இழந்தவர் காது கேளாதோர் எனவும் இச்சட்டம் வரையறுக்கிறது.

இச்சட்டத்தின் 31ஆம் பிரிவு மிக முக்கியமானது. குறைபாடு 40 விழுக்காட்டிற்குக் குறையாமல் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு என்கிறது. முதற்சட்டம் நின்ற வாசலில் இச்சட்டம் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது. அக்கல்வியை அருகமைப் பள்ளியில் பெறுவதா, சிறப்புப் பள்ளியில் பெறுவதா என்பது பிள்ளையின் விருப்பம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. தோழியரே, இந்த ‘விருப்பம்’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள். “சிறப்புப் பள்ளிக்குப் போங்கள்” என்று ஒரு பள்ளி தானாகவே முடிவு செய்தால், பிள்ளைக்குரிய உரிமையை அது தன் கையில் எடுத்துக்கொள்கிறது என்று பொருள்.

சிறப்புப் பள்ளிகளைக் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று. 1885இல் பம்பாயில் காது கேளாதோர்க்குப் பள்ளி தொடங்கியவர் கத்தோலிக்க ஆயர் லியோ மூரின். பாளையங்கோட்டையில் மிஸ் ஸ்வேன்சன் தொடங்கிய பள்ளி, நூற்றாண்டு கடந்து இன்றும் ஒளி தருகிறது. சைகை மொழியில் கற்க விரும்பும் பிள்ளைக்கு அத்தகைய பள்ளியே தாய்வீடு. ஆனால் போகிறவள் விரும்பிப் போக வேண்டும். துரத்தப்பட்டுப் போகக் கூடாது.

16ஆம் பிரிவு, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் செய்ய வேண்டியவற்றைக் கூறுகிறது. பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ளல், கட்டடத்தை யாவரும் புழங்கத்தக்கதாக்கல், ஒவ்வொரு பிள்ளையின் தேவைக்கேற்ப நியாயமான வசதி செய்து தரல், போக்குவரத்து வசதி அளித்தல் முதலியன அவற்றுள் சில. 70 வளைவுகள் இறங்கி ஏறும் எங்களுக்குக் கடைசியில் சொன்னது எவ்வளவு பெரிய வசதி என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

40 விழுக்காட்டை எட்டாத பிள்ளை என்ன செய்வது என்ற ஐயம் எழலாம். எழுதும்போது விரல்கள் இழுத்துக்கொள்ளும் நோயுடைய ஒரு தேர்வரின் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. நியாயமான வசதி பெறும் உரிமை 40 விழுக்காட்டினருக்கு மட்டும் உரியதன்று என்று அத்தீர்ப்பு விளக்கியது. ஆகவே விழுக்காடு குறைவு என்று சொல்லி வசதி கேட்பவரைத் திருப்பி அனுப்பிவிட முடியாது.

மற்றொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். 2009ஆம் ஆண்டுச் சட்டம் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பள்ளி போன்றவை அவ்வகையைச் சேர்ந்தவை. ஆனால் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையெல்லாம் குறித்துப் பேசுகிறது. சட்டம் கட்டாத இடத்திலும் நற்செய்தி நம்மைக் கட்டுகிறது அல்லவா?

முறையிடும் படிகள்

இங்கிலாந்தில் பள்ளி இடம் மறுக்கப்பட்டால் பெற்றோர் மேல்முறையீடு செய்யத் தனிக்குழு உண்டு. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோர்க்கு விசாரணை கேட்கும் உரிமையைத் தந்தது. நம் நாட்டில் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். எங்கள் மலைப்பாதையைப் போல. அப்படிகள் வருமாறு:

1. சான்று: அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு தரும் சான்றிதழையும், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையையும் பெற்றிருத்தல் வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழிகாட்டுவர்.

2. பள்ளிக்கு மனு: தலைமையாசிரியருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமும் தேதியும் வாங்க வேண்டும். தர மறுத்தால் ஒப்புகை பெறும் வகையில் தபாலில் அனுப்பலாம். இடமில்லை எனில் காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்க வேண்டும். வாயால் சொன்ன ‘இல்லை’ காற்றோடு போய்விடும். அதன்மேல் முறையிடுவது கடினம்.

3. கல்வி அலுவலர்: அடுத்த மனு மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் ஆகும். மாற்றுத்திறன் பிள்ளைகளின் சேர்க்கையைக் கவனிக்க மாவட்டக் கல்வி அலுவலகத்தில் பொறுப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மைய அரசின் விதிகள் கூறுகின்றன. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் பிள்ளையை நேரில் பார்த்துக் கருத்துக் கூறினால் மனுவுக்கு வலிமை சேரும்.

4. மாவட்ட ஆட்சியர்: திங்கட்கிழமைகளில் நடைபெறும் மக்கள் குறைதீர் நாள் கூட்டத்தில் மனு கொடுத்து, மனு எண் குறித்த சீட்டைப் பெறலாம்.

5. மாநில ஆணையர்: மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர், சாட்சிகளை அழைத்தல், ஆவணங்களை வரவழைத்தல் ஆகியவற்றில் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உடையவர். அவர் பரிந்துரை அனுப்பினால், உரிய அதிகாரி நடவடிக்கை எடுத்து 3 மாதத்திற்குள் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால் காரணம் கூற வேண்டும்.

6. நீதிமன்றம்: இது கடைசிப் படி. வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று அஞ்ச வேண்டா. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர்க்கு இலவசச் சட்ட உதவி உண்டு. எங்கள் மலைச் சிறுமியோ இந்த நான்கு தகுதியும் ஒருங்கே உடையவள்!

மனுவில் என்ன எழுதுவது?

“என் மகள் பாவம், இரங்குங்கள்” என்று எழுதுவதே நம் வழக்கம். அருட்சகோதரி அதை அடித்துவிட்டார். “இரக்கம் கேட்டால் இரக்கப்படலாம், படாமலும் இருக்கலாம். தேவை இன்னது, அதற்கு வழி இன்னது, அதற்குச் சட்டப் பிரிவு இன்னது என்று எழுது” என்றார். அவ்வாறு நான் எழுதிக் கொடுத்த மனுவின் நடுப்பகுதி இது:

“என் மகளுக்கு இரு காதுகளிலும் செவித்திறன் குறைவு. சான்றிதழ் நகல் இணைத்துள்ளேன். 8ஆம் வகுப்புத் தேர்ச்சி பெற்றுள்ளாள். அவளுக்கு வேண்டிய வசதிகள்: முதல் வரிசையில் இடம், ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியபடி பேசாமல் வகுப்பைப் பார்த்துப் பேசுதல், வீட்டுப்பாடத்தைப் பலகையில் எழுதுதல், மணியடிக்கும் இடத்திற்கும் ஒலிபெருக்கிக்கும் அருகில் உட்கார வைக்காதிருத்தல். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16, 31 பிரிவுகளின்படி இவளை 9ஆம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். சேர்க்க இயலாதெனில் காரணத்தை எழுத்தில் தருமாறு வேண்டுகிறேன்.”

இந்த நான்கு வசதிகளில் எதற்குப் பணம் வேண்டும் என்று பாருங்கள். ஒன்றுக்கும் வேண்டா. முதல் வரிசை ஏன் என்பதற்கு நம் இயற்பியல் பாடமே விடை கூறும். திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறைகிறது. 1 மீட்டரில் 60 டெசிபெல்லாகக் கேட்கும் குரல் 2 மீட்டரில் 54, 4 மீட்டரில் 48, 8 மீட்டரில் 42 ஆகிவிடும். வகுப்பறையில் சுவர்களின் எதிரொலியால் இக்கணக்குச் சிறிது மாறும். ஆனால் அந்த எதிரொலியே சொற்களைக் குழப்பவும் செய்யும். செவிக்கருவி ஆசிரியையின் குரலை மட்டுமன்றி நாற்காலி இழுபடும் ஓசையையும், தகரக் கூரையில் விழும் மழையையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. ஆகையால் முதல் பெஞ்சு அவளுக்குச் சலுகையன்று. அதுவே அவளுடைய வகுப்பறை.

10ஆம் வகுப்புப் பொதுத்தேர்விலும் குறைபாட்டிற்கேற்பக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. இவற்றைத் தேர்வு நெருங்கும்போது அன்றி, முன்னதாகவே தலைமையாசிரியர் வழியாகக் கேட்க வேண்டும்.

நம் கடமை

அந்தப் பள்ளி கூறிய காரணம் முழுதும் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அறுபது பேர் வகுப்பின் இரைச்சலை ஒரே ஆசிரியை அடக்குவது எளிதா? அந்த இரைச்சல் யாருடையது? அது நம்முடையது. மதிய இடைவேளையில் தட்டைத் தட்டித் தாளம் போடுபவர் நாம். ஆசிரியை வரச் சற்றுத் தாமதமானால் சந்தைக்கடை ஆக்குபவர் நாம். சட்டம் ஒரு பிள்ளைக்கு இடம் வாங்கித் தரலாம். அந்த இடத்தில் அவள் நிலைத்திருக்கச் செய்வது பக்கத்தில் உட்காரும் நாம்தான்.

மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் காது கேளாத மனிதர் ஒருவரை ஆண்டவரிடம் கொண்டுவருகின்றனர். ஆண்டவர் முதலில் அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். பிறகு அவருடைய காதையும் நாவையும் தொடுகிறார். இப்பகுதியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஏன் தனியே அழைத்துச் சென்றார் என்று இவ்வாண்டுதான் நினைத்துப் பார்த்தேன். கூட்டத்தின் சந்தடியில் அம்மனிதர் எவ்வளவு திகைத்திருப்பார்!

முடிவுரை

மனு கொடுத்த பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பள்ளியிலிருந்து இரண்டு வாரம் பதில் இல்லை. கல்வி அலுவலருக்கும், திங்கட்கிழமைக் கூட்டத்திலும் அத்தை மனு கொடுத்தார். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போயிற்று. பின்னர்ச் சிறப்பாசிரியர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்தார். ஜூலைக் கடைசியில், முன்பு மறுத்த அதே பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்தது. முதல் வரிசையில் உட்காருகிறாள். காலாண்டுத் தேர்வில் கணக்கில் வகுப்பில் இரண்டாவதாக வந்தாள். போக்குவரத்து வசதி பற்றிய மனுவுக்கு மட்டும் இதை எழுதும்வரை பதில் வரவில்லை. இப்போது இரண்டாவது மனுவை அவளே தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறாள்; நான் பிழைதான் திருத்தினேன்.

எரிகோ நகர வழியில் பார்வையற்ற பர்த்திமேயு கூப்பிட்டபோது, பேசாதிரு என்று கூட்டம் அதட்டியது. அவர் இன்னும் உரக்கக் கூப்பிட்டார். ஆண்டவர் நின்றார், உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று அவரையே கேட்டார். தோழியரே, முறையீடு என்பது அந்த இரண்டாவது கூக்குரலே ஆகும். உங்கள் ஊரிலும் ‘இடமில்லை’ என்று திரும்பி வந்த பிள்ளை ஒருத்தி இருக்கக்கூடும். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது, ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுத் திண்ணைக்குச் செல்லுங்கள். உனக்கு என்ன வேண்டும் என்று முதலில் அவளைக் கேளுங்கள். பிறகு எழுதத் தொடங்குங்கள்.